கைகூடியது

பாயான் லெப்பாசில் பதினொரு வருஷம்
நுண்ணோக்கியில் சில்லு பார்த்தவள் நான்.
கண் போய்விட்டது என்று
கண்ணை மூடிப் பெட்டி மாட்டும் பிரிவுக்கு மாற்றினார்கள்.
மேலாளருக்கு அதில் வேடிக்கை எதுவும் தெரியவில்லை.

முதல் வேலை ஒரு ஹோட்டல் சமையலறை.
புதிதாகச் சேரும் பையன்கள் பழகுவதற்கு.
உள்ளது உள்ளபடி வேண்டும் என்றார்கள்:
அடுப்பு, அகப்பை, வழுக்கும் தரை,
குழாயில் சொட்டும் தண்ணீர் உட்பட.
சொட்டை எண்ணினேன். நிமிஷத்துக்கு நாற்பது.
நிஜக் குழாயில் முப்பத்தெட்டு.
பிழை என்று எழுதிக் கொடுத்தேன்.

பூன் லியோங் அதைப் படித்துவிட்டு
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.
"அந்தச் சமையலறைதான் ஏற்கெனவே இருக்கிறதே, காக்,"
என்றான் மலாயில்.

செவ்வாய் இரவுகளில்
துப்புரவு செய்பவரும் போன பிறகு
இல்லாததைச் செய்யத் தொடங்கினோம்.

தரையே இல்லாத ஒன்று.
கிட்டே போனால் சிறுத்து
விலகினால் பெருகும் பொருள்கள் உள்ள ஒன்று.
அதில் யானையை உள்ளங்கையில் வைத்துக்கொள்ளலாம்,
கடுகை முழுசாகப் பார்க்க
பட்டர்வொர்த் வரை பின்னால் நடக்க வேண்டும்.
இன்னொன்றில் ஒலிக்கு எடை.
நான் தும்மியதில் ஒரு சுவர் சாய்ந்தது.
எனக்குத் தலை சுற்றி வாந்தி.
பழக்கம், அதையும் பிழைப் பட்டியலில் எழுதினேன்.

பிறகு அந்தக் கை.

நெஞ்சுக்குழியிலிருந்து முளைத்தது.
நீலம். எலும்பில்லை. ஆறு விரல்.
இடது கணுக்காலைத் திருகினால் நீளும்
வலது மணிக்கட்டை மடக்கினால் மூடும்.
முதல் நாள் என்னையே அறைந்தது.
இரண்டாம் வாரம் பூன் லியோங் எறிந்த பந்தை
நான் பிடிக்கவில்லை, அது பிடித்தது.
நான்காம் வாரம்
கணுக்கால் என்று ஒன்று இருப்பதே மறந்து
நினைத்தேன்,
நீண்டது.

மூளைக்கு வெட்கமே இல்லை.
நாற்பத்து மூன்று வயதில் ஒரு கை வந்து கதவைத் தட்டினால்
எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை
ஒன்றும் கேட்பதில்லை.
உள்ளே வா, சாப்பிட்டாயா என்கிறது.

அதற்கு நான் வேலை எதுவும் கொடுக்கவில்லை.
இரண்டு கையும் பந்து, பெட்டி, பொத்தான் என்று அலைய
அது முன்னால் மிதந்துகொண்டிருக்கும்
காற்றில் விரல்களை விரித்து, மடக்கி, விரித்து.
சும்மா இருப்பதற்கென்றே ஒரு கை.
என் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை.

தணிக்கைக்கு வந்தவர்கள்
யாரும் கேட்காத கோப்புகள் என்று அழித்தார்கள்.
சமையலறை பத்திரமாக இருக்கிறது.
சொட்டு இப்போது சரியாக முப்பத்தெட்டு.

அடுத்த நாள் பஸ்ஸில்
ஒரு கையில் காய்கறி, ஒரு கையில் குடை,
வளைவில் கம்பியைப் பிடிக்க
நெஞ்சிலிருந்து நீட்டினேன்.
பள்ளிக்கூடப் பையன் ஒருவன் மடியில் போய் விழுந்தேன்.
"மாஃப், டிக்," என்றேன்.
அவன் செல்பேசியிலிருந்து நிமிரவில்லை.

அன்று தொடங்கிய வலி.

சுங்கை நிபோங் கிளினிக்கில்
டாக்டர் சத்தியசீலன் எங்கே என்று கேட்டார்.
காட்டினேன்:
நெஞ்சுக்கு முன்னால், ஒரு முழம் தள்ளி,
வெறும் காற்றில்.
வாயு என்று எழுதினார்.
சாப்பாட்டுக்கு முன் இரண்டு மாத்திரை.

வெள்ளிக்கிழமை ஜார்ஜ் டவுனில்
ஒரு கோபுரத்தின் மூன்றாம் தட்டில் அவளைப் பார்த்தேன்,
பதினாறு கைக்காரி, புதுச் சாயம்.
பிள்ளை, வீடு, பதவி உயர்வு எதுவும் நான் கேட்கவில்லை.
தொழில்முறைக் கேள்வி ஒன்றுதான்:
ஒன்பதாவதை எதால் திருப்புகிறாய்?
அண்ணாந்து ஒவ்வொன்றாய் எண்ணிக்கொண்டு போனேன்.
வாள். பாசம். மணி. கபாலம். ஒரு பூ.
எல்லாவற்றிலும் எதையாவது திணித்திருக்கிறார்கள்,
ஒன்றையாவது சும்மா விட்டிருக்கலாம்.

பின்னால் வரிசை நெருக்கியது.
இரண்டு கையையும் கூப்பினேன்.
இடது கணுக்கால்
தானாகவே மெல்லத் திருகிக்கொண்டது.